இந்தியா பேல் ஏல்: வரலாறும் வீட்டு மறுஆக்கமும்

இந்தியா பேல் ஏல் (ஐ.பி.ஏ.) இங்கிலாந்தில் வடிக்கப்பட்டு, 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பப்பட்ட வெளிர்நிற பீர் வகை. ஹாப்ஸ் பூக்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டதால் கசப்பு கூடியது. பல மாதங்கள் பீப்பாயில் முதிர்ந்த பிறகு குடிக்கப்பட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளும் வணிகர்களும் இதன் முதன்மை வாடிக்கையாளர்களாக இருந்தனர்.

இன்று இதே பெயரில் உலகெங்கும் விற்கப்படும் பீர் பழைய பானத்திலிருந்து பெரிதும் மாறுபட்டது. பழைய பானம் உண்மையில் எப்படி இருந்தது என்பதை அறிய, 1970-களிலிருந்து பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டில் பீர் வடிக்கும் ஆர்வலர்கள் பழைய ஆலைக் குறிப்பேடுகளைத் தேடிப் படித்து அதை மறுஆக்கம் செய்து வருகின்றனர். அவர்களின் அடுக்களைச் சோதனைகளும் வரலாற்றாசிரியர்களின் ஆவண ஆய்வுகளும் சேர்ந்து, இந்த பீரைப் பற்றி நூறாண்டுக்கும் மேலாக வழங்கிவந்த பல கதைகளைத் திருத்தியுள்ளன.

பெயர்

மேல்மட்ட நொதித்தலில் உருவாகும் ஆங்கில பீர் வகைகளுக்கு ஏல் என்று பெயர். பேல் என்றால் வெளிர்ந்த நிறமுடையது. ‘இந்தியா’ என்பது சென்று சேரும் இடத்தைக் குறித்தது. அங்கே வடிக்கப்பட்டது என்ற பொருள் அதற்கு இல்லை.

இந்த பீர் இந்தியாவுக்குப் போகத் தொடங்கிய காலத்தில் இதற்குத் தனிப்பெயர் இருக்கவில்லை. 1784-ல் கல்கத்தா கெசட் இதழில் வந்த விளம்பரம் பேல் ஏல் என்று மட்டுமே குறிப்பிட்டது. ஈஸ்ட் இந்தியா பேல் ஏல் என்ற பெயர் அச்சில் வந்ததற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் ஒன்று, 1829 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி கெசட் இதழில் வெளியான விளம்பரம். இங்கிலாந்தில் 1835 ஜனவரியில் லிவர்பூல் மெர்க்குரி இதழில் அப்பெயர் காணப்படுகிறது. ஆக, பானம் புழக்கத்துக்கு வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தே பெயர் நிலைபெற்றது.

பின்னணி

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூளையில் உலர்த்தினால் கிடைப்பது மால்ட். விறகில் உலர்த்திய மால்ட் பெரும்பாலும் கருத்தும் புகைவாசத்துடனும் இருந்தது. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் கற்கரியைக் கொண்டு மால்ட் உலர்த்தும் முறை வந்தது. நிலக்கரியைக் காற்றுப்படாமல் சுட்டு எடுப்பது கற்கரி. அது புகையின்றிச் சீராக எரியும். இதனால் வெளிர்நிற மால்ட்டை நம்பகமாகச் செய்ய முடிந்தது. அந்த மால்ட்டில் வடித்த பீர் பேல் ஏல் எனப்பட்டது. கற்கரி விலை கூடியது என்பதால் பேல் ஏலும் நெடுங்காலம் வசதி படைத்தவர்களின் பானமாகவே இருந்தது. லண்டன் உழைப்பாளிகள் போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீரைக் குடித்தனர்.

நாட்டுப்புற நிலக்கிழார்களின் வீடுகளில் அக்டோபர் பீர் என்ற வலுவான வெளிர் பீர் வடிக்கப்பட்டது. அறுவடை முடிந்து புது பார்லியும் புது ஹாப்ஸும் கிடைக்கும் மாதம் அக்டோபர். அப்போது வடித்த பீர் ஓராண்டு, ஈராண்டு நிலவறையில் முதிர்ந்த பின்பே திறக்கப்பட்டது. இந்தியாவுக்குப் போன வெளிர் பீரின் முன்னோடி இதுவே என்று பீர் வரலாற்றாசிரியர் மார்ட்டின் கார்னெல் கருதினார்.

ஹாப்ஸ் என்பது கொடியில் பூக்கும் கூம்பு வடிவப் பூ. அதிலுள்ள கசப்பான அமிலங்கள் பீரைப் புளிக்கச் செய்யும் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. வெப்ப நாடுகளுக்கு அனுப்பும் பீரில் ஹாப்ஸைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்ற அறிவுரை 1760-களிலேயே பீர் ஆலையாளர்களிடம் வழங்கியது.

ஹாட்ஜ்சனின் போ ஆலை

1752-ல் லண்டனின் கிழக்கு விளிம்பில் போ என்ற ஊரில், லீ ஆற்றங்கரையில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் ஒரு பீர் ஆலையைத் தொடங்கினார். லண்டனின் பெரிய ஆலைகளோடு ஒப்பிட்டால் அது சிறியது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறை அருகிலேயே இருந்தது.

கம்பெனிக் கப்பல்களின் தலைவர்களும் அலுவலர்களும் கப்பலில் தங்களுக்கென ஒதுக்கிய இடத்தில் சொந்தச் சரக்கை ஏற்றி விற்கலாம். பன்றி இறைச்சி, பாலாடைக்கட்டி, தொப்பி, கண்ணாடிப் பொருட்கள், ஒயின் ஆகியவற்றோடு பீரையும் ஏற்றினர். இந்தியாவிலிருந்து திரும்பும்போது கப்பல்கள் நிறைந்து வரும். போகும்போது இடம் மிச்சமிருக்கும். எனவே போகும் வழிக்கான சரக்குக் கூலி மலிவு. ஹாட்ஜ்சன் அவர்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். சரக்கை விற்றுத் திரும்பி வந்து பணம் தரலாம் என்ற இந்த ஏற்பாடும் ஆலையின் அமைவிடமுமே அவரது வளர்ச்சிக்கு முதன்மைக் காரணங்கள்.

1793-ல் கல்கத்தா விளம்பரத்தில் ஹாட்ஜ்சன் பெயர் வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியாவில் பீர் என்றாலே ஹாட்ஜ்சன் என்னும் நிலை உருவானது.

1820-களின் தொடக்கத்தில் ஆலை ஃபிரெடெரிக் ஹாட்ஜ்சன், தாமஸ் டிரேன் ஆகியோரின் கையில் இருந்தது. அவர்கள் கப்பல் தலைவர்களுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தி, விலையை உயர்த்தி, சரக்கைத் தாங்களே அனுப்பத் தொடங்கினர். போட்டியாளர் யாராவது பீர் அனுப்பினால் சந்தையில் சரக்கைக் கொட்டி விலையைக் கீழே இறக்குவர். அவர் விலகியதும் மீண்டும் ஏற்றுவர். இதனால் இந்தியாவிலிருந்த வணிகர்களும் கப்பல் தலைவர்களும் கம்பெனி இயக்குநர்களும் அவர்கள்மீது அதிருப்தி கொண்டனர்.

கடல்வழி

லண்டனிலிருந்து புறப்பட்ட கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, இந்தியப் பெருங்கடலில் வடக்கே ஏறி இந்தியாவை அடையும். பயணம் நான்கிலிருந்து ஆறு மாதம் பிடித்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டும். கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிய பீப்பாய்கள் வெப்பத்திலும் குளிரிலும் மாறிமாறி இருந்தன; அலையில் ஓயாமல் குலுங்கின.

இங்கிலாந்தின் நிலவறையில் ஈராண்டில் நிகழும் முதிர்ச்சி இந்தப் பயணத்தில் சில மாதங்களிலேயே நிகழ்ந்தது என்பது பலரின் கருத்து. வந்து இறங்கிய பீர் தெளிவாகவும் வறண்ட சுவையுடனும் இருந்தது. பீப்பாயிலிருந்து இந்தியாவில் புட்டிகளில் நிரப்பியும் விற்றனர். இங்கிலாந்திலேயே புட்டியில் அடைத்தும் அனுப்பினர்.

பர்ட்டன் நகரத்தின் நுழைவு

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள பர்ட்டன் நகரம் வலுவான, இனிப்பான, பழுப்பு நிற ஏலுக்குப் பெயர்பெற்றது. அதன் பெரிய சந்தை ரஷ்யாவும் பால்டிக் கடல் நாடுகளும். நெப்போலியன் போர்களாலும், 1822-ல் ரஷ்யா விதித்த கடும் சுங்கவரியாலும் அந்தச் சந்தை கைநழுவியது.

அந்தச் சூழலில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் கேம்ப்பெல் மார்ச்பேங்க்ஸ், பர்ட்டன் ஆலையாளர் சாமுவேல் ஆல்சொப்பைச் சந்தித்து, இந்தியச் சந்தைக்கு பீர் வடிக்குமாறு சொன்னார். ஹாட்ஜ்சனின் பீர் புட்டி ஒன்று மாதிரியாகக் காட்டப்பட்டது. ஆல்சொப்பின் மால்ட் பொறுப்பாளர் ஜாப் குட்ஹெட் முதல் மாதிரியை ஒரு தேநீர்க் கூஜாவில் வடித்துக் காட்டினார் என்பது பர்ட்டனில் வழங்கும் கதை.

ஆல்சொப்பைத் தொடர்ந்து பாஸ், சால்ட் முதலிய பர்ட்டன் ஆலைகளும் இந்தியாவுக்கு அனுப்பத் தொடங்கின. பர்ட்டன் பீர் வெளிர்நிறத்திலும் தெளிவிலும் லண்டன் பீரை விஞ்சியது. காரணம் அந்த ஊர்க் கிணற்று நீர். ஜிப்சம் படிவங்களின் ஊடே ஊறிவரும் அந்நீரில் கால்சியம் சல்பேட் மிகுதி. கால்சியம் மால்ட் ஊறலின் அமிலத்தன்மையைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து பீரைத் தெளியவைக்கிறது. சல்பேட் ஹாப்ஸின் கசப்பை வறட்சியாகவும் கூர்மையாகவும் உணரவைக்கிறது.

1830-களில் பாஸ் நிறுவனம் இந்திய வணிகத்தில் முன்னணிக்கு வந்தது. ஹாட்ஜ்சனின் ஆலை பின்தங்கிப் பல கைகள் மாறி, 1933-ல் இடிக்கப்பட்டது. 1839-ல் பர்ட்டனுக்கு ரயில்பாதை வந்தபின் இந்த பீர் இங்கிலாந்துக்குள்ளும் பரவியது. லண்டன் செயின்ட் பேன்க்ராஸ் ரயில் நிலையத்தின் கீழ்த்தளம் பர்ட்டன் பீப்பாய்களைச் சேமிப்பதற்கெனவே வடிவமைக்கப்பட்டது. அதன் இரும்புத் தூண்களின் இடைவெளி பீப்பாய் அளவை ஒட்டியது. பாஸ் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம் 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் முதல் பதிவுபெற்ற வணிகச் சின்னமானது.

இந்தியாவில் பயன்பாடு

இந்தியாவுக்கு வந்த பீர் எல்லாம் பேல் ஏல் அல்ல. படைவீரர்களுக்குப் பெருமளவில் போர்ட்டர் அனுப்பப்பட்டது. பேல் ஏல் அதிகாரிகள், வணிகர்கள், குடிமைப் பணியாளர்கள் ஆகியோரின் மேசைக்குரியதாக இருந்தது.

பனிக்கட்டி கிடைக்காத காலத்தில் புட்டிகளை வெடியுப்புக் கரைசலில் வைத்துக் குளிர்வித்தனர். வெடியுப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சும். ஆங்கிலேயர் வீடுகளில் இந்த வேலைக்கென்றே ஆப்தார் எனப்பட்ட பணியாள் இருந்தார். 1833-ல் அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் பாஸ்டனிலிருந்து கப்பலில் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-ல் அவரது நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக உள்ளது. பேல் ஏல் தன் சந்தையின் உச்சத்தை நெருங்கிய காலமும் சென்னையில் அமெரிக்கப் பனிக்கட்டி விற்ற காலமும் ஒன்றே.

பின்னர் இமாசலத்தின் கசௌலியிலும் நீலகிரியிலும் குளிர்ந்த மலைப்பகுதிகளில் பீர் ஆலைகள் ஏற்பட்டன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பயணக் காலம் குறைந்தது. குளிரூட்டும் எந்திரங்களும் லாகர் வகை பீரும் வந்தபின் பேல் ஏல் ஏற்றுமதி சுருங்கியது. இங்கிலாந்திலும் முதல் உலகப் போர்க் கால வரிகளும் கட்டுப்பாடுகளும் பீரின் வலிமையைக் குறைத்தன. 20-ம் நூற்றாண்டில் அங்கே ஐ.பி.ஏ. என்ற பெயரில் விற்றவற்றில் பல, 4 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோ ஆல்கஹால் கொண்ட எளிய பீர்களே.

கதைகளும் சான்றுகளும்

இந்தியா பேல் ஏல் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதைகள் நான்கு.

முதலாவது, இந்தியாவுக்குப் போகும் பீர் எல்லாம் கெட்டுப்போனதால் ஹாட்ஜ்சன் புதிய பீரைக் கண்டுபிடித்தார் என்பது. 18-ம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே பீர் இந்தியாவுக்குச் சென்றது. போர்ட்டரும் பயணத்தைத் தாங்கி விற்பனையானது. ஹாட்ஜ்சன் புதிய வகையைக் கண்டுபிடித்ததாக அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை.

இரண்டாவது, பயணத்தைத் தாங்க இதன் ஆல்கஹால் அளவு மிக உயர்த்தப்பட்டது என்பது. 19-ம் நூற்றாண்டுக் குறிப்பேடுகளின்படி இதன் ஆல்கஹால் சுமார் 6 முதல் 7 விழுக்காடு. அக்காலத்தில் இங்கிலாந்தில் விற்ற பல ஏல்கள் இதைவிட வலுவானவை.

மூன்றாவது, 1827-ல் ஐரிஷ் கடலில் உடைந்த கப்பலிலிருந்து மீட்ட பீப்பாய்களை லிவர்பூலில் ஏலம்விட்டபோதுதான் ஆங்கிலேயர் இதைச் சுவைத்தனர் என்பது. இக்கதை 1869-ல் வில்லியம் மொலினோ பர்ட்டனைப் பற்றி எழுதிய நூலில், சொல்லப்பட்ட நிகழ்ச்சிக்கு நாற்பதாண்டு கழித்து, இடம்பெற்றது. அக்கால இதழ்களில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

நான்காவது, பீப்பாயின் ஓக் மரச்சுவை இதன் அடையாளம் என்பது. ஆங்கிலேய ஆலையாளர்கள் பால்டிக் கடற்கரையின் மேமல் துறைமுகம் வழியாக வந்த ஓக் மரத்தை விரும்பியதற்குக் காரணமே அது பீருக்குச் சுவை ஏற்றாது என்பதுதான். மரவாசம் ஏற்றிய அமெரிக்க ஓக் மரத்தை அவர்கள் தவிர்த்தனர்.

வீட்டில் மறுஆக்கம்: தொடக்கம்

பிரிட்டனில் 1880-ம் ஆண்டுச் சட்டத்தின்படி வீட்டில் பீர் வடிக்க உரிமம் தேவைப்பட்டது. 1963-ல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார். அமெரிக்காவில் 1978 அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வீட்டு வடிப்பின்மீதான கூட்டரசின் தடையை விலக்கியது.

லண்டனின் மேற்குப் பகுதியைச் சேர்ந்த டர்டன் பார்க் பீர் வட்டம் என்ற வீட்டு வடிப்பாளர் குழு 1970-களில் பழைய பிரிட்டிஷ் பீர்களின் செய்முறைகளை ஆலைக் குறிப்பேடுகளிலிருந்து திரட்டி, சிறிய அளவுக்கு மாற்றி, வடித்துப் பார்த்து வெளியிட்டது. ஜான் ஹாரிசன் இப்பணியில் முன்னின்றார். பின்னர் ரான் பேட்டின்சன் லண்டன் மாநகர ஆவணக் காப்பகம் உள்ளிட்ட இடங்களில் பார்க்ளே பெர்கின்ஸ், விட்பிரெட் முதலிய ஆலைகளின் ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து, வீட்டு வடிப்பாளருக்கான நூலை 2014-ல் வெளியிட்டார்.

இவ்வேலை சாத்தியமானதற்கு ஒரு கருவி துணைநின்றது. 1784-ல் ஜான் ரிச்சர்ட்சன் பீர் ஆலைகளில் அடர்த்திமானியைப் பயன்படுத்தும் முறையை விளக்கி நூல் எழுதினார். அதன்பின் ஆலையாளர்கள் மால்ட் சாறின் அடர்த்தியை எண்ணால் குறித்து வைத்தனர். அந்த எண்கள் இருப்பதால்தான் இருநூறு ஆண்டுக்குப் பிறகும் பீரின் வலிமையைக் கணக்கிட முடிகிறது.

எந்த ஆண்டின் பீர்

உண்மையான இந்தியா பேல் ஏலை வடிக்க முனைபவர் முதலில் ஆண்டையும் ஊரையும் முடிவுசெய்ய வேண்டும். 1790-ன் போ ஆலை பீரும் 1840-ன் பர்ட்டன் பீரும் ஒன்றல்ல. நீரும் ஈஸ்ட்டும் வேறு. ஹாட்ஜ்சனின் செய்முறை எழுத்தில் கிடைக்காததால் அவர் பெயரில் வரும் மறுஆக்கங்கள் எல்லாம் ஊகமே. 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அச்சு நூல்களும் ஏடுகளும் உள்ளன. 1868-ல் ஜார்ஜ் ஆம்சிங்க் வெளியிட்ட செய்முறைத் தொகுப்பு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. எனவே பெரும்பாலானோர் அக்காலத்துப் பர்ட்டன் முறையையே பின்பற்றுகின்றனர்.

மூலப்பொருட்கள்

மால்ட்: வெளிர் மால்ட் மட்டுமே. இன்று ஆங்கில ஏலுக்கு நிறமும் இனிப்பும் ஏற்றச் சேர்க்கும் கிறிஸ்டல் மால்ட் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே இதில் இடமில்லை. 20 லிட்டர் பீருக்கு சுமார் 5.5 முதல் 6 கிலோ மால்ட் தேவை. சாறின் தொடக்க ஒப்படர்த்தி 1.060 முதல் 1.070 வரை இருக்க வேண்டும்.

பார்லியின் ரகமும் முக்கியம். 1820-களில் சஃபோக் மாவட்டப் பாதிரியார் ஜான் செவலியர் பரப்பிய செவலியர் பார்லி அந்த நூற்றாண்டு முழுவதும் இங்கிலாந்தின் முதன்மை மால்ட் ரகமாக இருந்து, பின் வயல்களிலிருந்து மறைந்தது. நார்விச் நகரின் ஜான் இன்னஸ் மையம் விதைச் சேமிப்பிலிருந்த விதைகளைப் பெருக்கி அதை மீட்டெடுத்தது. இப்போது அந்த மால்ட் வீட்டு வடிப்பாளருக்கும் கிடைக்கிறது.

நீர்: பர்ட்டன் நீரில் லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராமும் அதற்கு மேலும் சல்பேட் உண்டு. மென்னீரில் ஜிப்சம் கரைத்து அதற்கு நெருக்கமாகக் கொண்டுவருவர். பிற ஊர் ஆலையாளர்கள் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே செய்த இம்முறைக்குப் பர்ட்டனாக்கம் என்று பெயர்.

ஹாப்ஸ்: கென்ட் மாவட்டத்தின் கோல்டிங்ஸ் ரகம் ஏற்றது. நவீன ஐ.பி.ஏ.வின் எலுமிச்சை, சாத்துக்குடி மணம் தரும் கேஸ்கேட் ரகம் அமெரிக்காவில் 1972-ல் வெளியிடப்பட்டது. பழைய பீருக்கு அது பொருந்தாது. ஏற்றுமதிக்கான பீரில் 164 லிட்டர் கொண்ட ஒரு பீப்பாய்க்கு 4 முதல் 6 பவுண்டு ஹாப்ஸ் சேர்க்கப்பட்டது. 20 லிட்டருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 220 முதல் 330 கிராம். இன்றைய ஒரு சாதாரண ஆங்கில பிட்டர் பீருக்கு 50 கிராம் அளவே போதும்.

வீட்டு வடிப்பாளர்கள் முதலில் இந்த எண்ணை அச்சுப்பிழை என்றே நினைக்கக்கூடும். ஆனால் ஏட்டுக்கு ஏடு இதே அளவுதான் காணப்படுகிறது. அக்கால ஹாப்ஸ் குளிரூட்டல் இன்றிச் சாக்கு மூட்டைகளில் மாதக்கணக்கில் கிடந்ததால் கசப்புத் திறன் ஓரளவு குறைந்திருக்கும். மேலும், முதிர்வின்போது கசப்பு இன்னும் தணியும். அளவின் பொருள் அடுத்துவரும் முதிர்வோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

செய்முறை

நொறுக்கிய மால்ட்டைச் சுமார் 66 டிகிரி செல்சியஸ் நீரில் ஒன்றரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஊறவைத்துச் சாறு வடிப்பர். சாறை ஹாப்ஸுடன் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, 15 டிகிரி அளவுக்கு ஆற்றி ஈஸ்ட் சேர்ப்பர். நொதிக்கும்போது வெப்பம் தானே உயரும். 21, 22 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அக்கால ஆலையாளரின் வழக்கம். சர்க்கரையின் பெரும்பகுதி ஆல்கஹாலாக மாறி, பீர் வறண்டு முடிய வேண்டும். மிச்ச இனிப்பு பயணத்தில் கெடுதலுக்கு இடங்கொடுக்கும். பிறகு பீப்பாயில் நிரப்பும்போது 20 லிட்டருக்கு 50 கிராம் அளவில் உலர்ந்த ஹாப்ஸை நேரே போடுவர்.

முதிர்வு

மறுஆக்கத்தில் மிகக் கடினமான பகுதி இதுவே. பர்ட்டன் ஆலைகள் குளிர்காலத்தில் வடித்த பீப்பாய்களை முற்றத்தில் அடுக்கிப் பல மாதம் வைத்தன. பீப்பாயின் வாய்த்துளையில் காற்றுப் புகக்கூடிய மென்மரத்தாலான முளையைச் செருகி, உள்ளே உண்டாகும் வாயுவை வெளியேற்றின. வாயு அடங்கிச் சப்பென்று ஆன பிறகே துளையை இறுக அடைத்துக் கப்பலேற்றின.

இந்நீண்ட முதிர்வில் வேறொரு ஈஸ்ட் மெல்ல வேலை செய்தது. 1904-ல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையைச் சேர்ந்த ஹெல்டே கிளாசன் ஆங்கிலேயரின் முதிர்ந்த பீர்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் பூஞ்சை என்ற பொருளில் பிரெட்டனோமைசிஸ் எனப் பெயரிட்டார். சாதாரண ஈஸ்ட் விட்டுவைக்கும் சர்க்கரையை அது உண்டு, பீரை மேலும் வறளச் செய்து, தனி மணமும் தருகிறது. இன்று பல ஆலைகள் அதைக் கிருமித் தொற்றாகக் கருதி விலக்குகின்றன. ஆனால் பழைய முதிர்ந்த ஆங்கில பீரின் சுவை அதை விலக்கி வராது என்பது மறுஆக்கம் செய்வோரின் அனுபவம். இரண்டாம் கட்டத்தில் அதைச் சேர்த்து, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வைப்பது அவர்களது வழக்கம்.

வடித்த ஒரு மாதத்தில் சுவைத்தால் இந்த பீர் குடிக்க இயலாத கசப்புடன் இருக்கும். ஆறாவது மாதத்தில் கசப்பு அடங்கும். மூலப்பொருட்களைச் சரியாகச் சேர்த்தும் காத்திருக்காதவர் கையில் கிடைப்பது ஆலையிலிருந்து புறப்பட்ட பீரே. கல்கத்தாவிலோ சென்னையிலோ குடித்த பீர் அல்ல.

மீண்டும் கடலில்

1993-ல் பர்ட்டனில் இருந்த பாஸ் அருங்காட்சியக ஆலையில், லண்டன் ஒயிட் ஹார்ஸ் விடுதியின் மார்க் டோர்பர் முயற்சியில் பழைய முறை பேல் ஏல் வடிக்கப்பட்டது. 2007-ல் எழுத்தாளர் பீட் பிரவுன் பர்ட்டனில் வடித்த பேல் ஏலுடன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கடல்வழியே இந்தியாவுக்குப் பயணமானார். வழியில் வெப்பத்தால் பீப்பாய் வெடித்து, மாற்றுப் பீப்பாய் வரவழைக்கப்பட்டது. அது கடைசியில் கொல்கத்தாவில் திறக்கப்பட்டது. பழைய ஆலையாளர்கள் ஏன் பல மாதம் காத்திருந்து வாயுவை வெளியேற்றினர் என்பதற்கு அந்த வெடிப்பு ஒரு விளக்கமாயிற்று. அப்பயணத்தை அவர் 2009-ல் நூலாக எழுதினார்.

சட்ட நிலை

இந்தியாவில் மதுத் தயாரிப்பு மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது. தமிழ்நாட்டில் 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் உரிமமின்றி மது வடிப்பது குற்றம். வீட்டுப் பயன்பாட்டிற்கான பீரும் இதில் அடங்கும். மேலே கூறிய மறுஆக்கங்கள் வீட்டு வடிப்பு அனுமதிக்கப்பட்ட நாடுகளில் நடந்தவை.

வரலாற்று முக்கியத்துவம்

இந்தியா பேல் ஏலின் பழைய வரலாறு ஒரு தனிமனிதரின் கண்டுபிடிப்பாகச் சொல்லப்பட்டது. ஆவணங்கள் காட்டுவது வேறு. கற்கரி தந்த வெளிர் மால்ட், நாட்டுப்புறத்து அக்டோபர் பீர், கப்பலில் மிச்சமிருந்த இடம், பதினெட்டு மாதக் கடன், ரஷ்யாவின் சுங்கவரி, பர்ட்டன் கிணற்று நீர் ஆகிய தொடர்பற்ற காரணங்கள் பல ஆண்டுகளில் ஒன்றுசேர்ந்து இதை உருவாக்கின. திட்டமிட்டுப் படைத்தவர் எவரும் இல்லை.

இதைத் தெளிவாக்கியதில் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களுக்கு நிகரான பங்கு வீட்டு வடிப்பாளர்களுக்கும் உண்டு. நூலில் எழுதியிருப்பதை ஏற்றுக்கொள்ளாமல் மூல ஏட்டைத் தேடினர். ஏட்டில் கண்ட எண்ணை நம்பமுடியாதபோது அதைத் திருத்தாமல் அப்படியே செய்து பார்த்தனர். முடிவு தெரிய ஓராண்டு காத்திருந்தனர். பீப்பாய்க்கு ஆறு பவுண்டு ஹாப்ஸ் என்ற எண் சரியானதுதான் என்று தெரியவந்தது அந்தக் காத்திருப்பினால்தான்.